பிளட்போர்ன்: சிலையிலும் சவப்பெட்டியிலும் இருக்கும் கதையைப் படிப்பது எப்படி

2015 மார்ச்சில் பிஎஸ்4-க்கு (பிளேஸ்டேஷன் 4) வந்த பிளட்போர்ன் என்ற வீடியோ கேம் தன் கதையை யாரையும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பாஸை (பெரிய எதிரியை) அடித்துவிட்டு அடுத்த விளக்குக்கு (வேறிடம் போக உதவும் நிறுத்தம்) ஓடுபவர்களுக்குப் பாதிக் கதை கண்ணிலேயே படாது.

முதலில் ஓர் இடத்திலுள்ள எதிரிகளை எல்லாம் தீர்த்துவிடுங்கள். பார்த்து முடிக்கும்வரை விளக்கு வழியாக ஹண்டர்ஸ் ட்ரீம் என்ற கனவுலகத் தங்குமிடத்துக்குப் போகாதீர்கள். போய்த் திரும்பினால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வந்த வழியிலேயே திரும்பி, நடையில் போங்கள். கூரை விளிம்பு, தூண் உச்சி, கதவு நிலை ஆகியவற்றை மோனோகுலரில் (கேமில் கிடைக்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) பாருங்கள். ஷேர் பட்டனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடக்கும் யார்னம் ஊரின் ஒரு பகுதியான சென்ட்ரல் யார்னமில் தொடங்கலாம். தெருவோரமெங்கும் சவப்பெட்டிகள். கிட்டே போய்ப் பாருங்கள்: பல பெட்டிகளைச் சங்கிலி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். திருடனுக்குப் பயந்தா, உள்ளே கிடப்பவருக்குப் பயந்தா? பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. அக்கம்பக்கம் பாருங்கள். கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆள் இருக்கும் வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது. சதுக்கத்தில் ஒரு மிருகத்தைக் கட்டிவைத்து எரிக்கிறார்கள். எரிப்பவர்களின் கைகால்களிலேயே மயிர் அடர்ந்திருக்கிறது. இத்தனையும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: இந்த ஊர் தன்னையே கண்டு நடுங்குகிறது. அதற்குப் பிறகு ஐட்டம் (கேமில் கிடைக்கும் பொருள்) விவரணையைப் படியுங்கள். சாம்பல் ரத்த நோய் பழைய யார்னமைச் சூறையாடியது, அதிலிருந்தே மனிதரை மிருகமாக்கும் மிருகநோய் பரவியது என்று விஷமுறிவு மாத்திரையின் விவரணை சொல்லும். கண் முதலில், எழுத்து பிறகு. வரிசை மாறினால் எழுத்தில் படித்ததை மட்டுமே கண் தேடும்.

இந்த முறைக்கு நல்ல பயிற்சி கிராண்ட் கதீட்ரலில் இருக்கிறது. அங்குள்ள பாஸான விகார் (தலைமைக் குரு) அமீலியாவை வென்றதும் பீடத்தில் இருக்கும் மண்டையோட்டைத் தொட்டால், ஹீலிங் சர்ச் என்ற திருச்சபையின் முதல் விகார் லாரன்ஸும் அவருடைய ஆசான் வில்லமும் பிரியும் பழைய நினைவு ஓடும். பெரும்பாலோர் காட்சியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் நின்று ஓட்டின் வடிவத்தைப் பாருங்கள். அது மனிதத் தலையே அல்ல, மிருகத்தினுடையது. ஹீலிங் சர்ச் தன் முதல் விகாரின் தலை என்று வணங்குவது இதைத்தான்! 2015 நவம்பரில் வந்த தி ஓல்ட் ஹண்டர்ஸ் டிஎல்சியில் (கேமின் கூடுதல் பகுதி) லாரன்ஸின் மனித மண்டையோடு ஐட்டமாகவே கிடைக்கும். அவர்தான் முதல் கிளெரிக் பீஸ்ட் (மிருகமாக மாறிய குரு) ஆனவர், மனித ஓடு கொடுங்கனவில் மட்டுமே இருக்கிறது என்று அதன் விவரணை சொல்லும். அந்த முடிவைப் பீடத்துச் சிற்பக்காரர் எட்டு மாதம் முன்பே காட்டிவிட்டார்.

அடுத்தது இன்சைட், அதாவது மறைந்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டும் அறிவுப் புள்ளி. ஒன்று வந்தாலே ஹண்டர்ஸ் ட்ரீமில் பொம்மை எழுந்து பேசும். 40-ஐத் தொட்டால், வெறும் சுவராகத் தெரிந்த ஓடன் சேப்பல் என்ற சிற்றாலயத்தில் அமிக்டலா என்ற பல கை அரக்க உரு ஒன்று தொற்றிக்கொண்டிருப்பது தெரியும். ரோம் என்ற பாஸைக் கொன்றுவிட்டால் இன்சைட் குறைவாக இருந்தாலும் அது தெரியும். அதனால் ஒப்பிட விரும்புபவர்கள் ரோமுக்கு முன்பே அந்தச் சேப்பல் இருக்கும் கதீட்ரல் வார்டு பகுதியைப் படமெடுத்து வைக்க வேண்டும். ரோமுக்குப் பிறகு வானமே மாறிவிடும், அதே ஆட்டத்தில் பழைய வானம் திரும்பக் கிடைக்காது. இன்சைட்டைச் சேர்க்க மேட்மேன்ஸ் நாலெட்ஜ் என்ற ஐட்டம் ஒவ்வொன்றும் 1 தரும். ஆனால் இன்சைட் ஏற ஏற ஃப்ரென்சி (நிரம்பினால் உயிரைப் பெருமளவு பறிக்கும் பித்து) சீக்கிரம் நிரம்பும், அதைத் தணிக்கும் செடட்டிவ் கைவசம் இருக்கட்டும்.

எங்கே சறுக்கும்? ஒரே சிலை ஐந்து இடத்தில் நின்றால் ஐந்து சாட்சி என்று எண்ணுவதில். கேம் செய்பவர்கள் ஒரே மாடலைத் திரும்பத் திரும்ப வைப்பது வழக்கம். ஓரிடத்தில் மட்டும் இருப்பதற்கும், விளக்கு வெளிச்சம் விழும்படி நிறுத்தப்பட்டதற்கும் எடை அதிகம். ரூட் சாலிஸ் என்ற கிண்ணங்களால் திறக்கும் நிலவறைகளின் அறைகளைக் கணினியே கலைத்து அடுக்குகிறது, அவற்றின் அமைப்பில் அர்த்தம் தேட வேண்டாம். குறிப்பு எழுதும்போது கண்டது, படித்தது, ஊகித்தது என்று மூன்று பத்தியாகப் பிரியுங்கள். யூடியூபில் சண்டை போடும் கோட்பாடுகளில் பெரும்பாலானவை மூன்றாம் பத்தியை முதல் பத்தி என்று விற்பவை.

கைவிடப்பட்ட பழைய பட்டறையில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஹீலிங் சர்ச் வர்க்‌ஷாப் கோபுரத்துக்குள் உத்தரம் உத்தரமாகக் குதித்து இறங்கினால் கதவு வரும். தவறினால் நேரே சாவுதான். ஹண்டர்ஸ் ட்ரீமின் அதே கட்டடம், அதே பொம்மை, ஆனால் உயிரில்லை. அங்கே கிடைக்கும் சின்னக் கூந்தல் அணியைக் கனவில் இருக்கும் பொம்மையிடம் கொடுங்கள், அவள் தரும் கல்லின் விவரணையை இரண்டாம் பத்தியில் எழுதுங்கள்.