ஒரே கேம், ஆளுக்கொரு லெவல்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் டர்பனில் பல வீடுகளில் இதே கதைதான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பெரியப்பா மகன் ஜெயித்துக்கொண்டே இருப்பான். ஆறு வயதுத் தங்கச்சி கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு அழுவாள். மொத்த கேமையும் 'ஈஸி'க்கு மாற்றினால் அவனுக்குச் சலித்துவிடும்.

அதனால் செட்டிங்ஸில், ஆளுக்கு ஆள் தனியாக மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். 2017இல் வந்த கார் பந்தய கேமான மரியோ கார்ட் 8 டீலக்ஸில் 'ஸ்மார்ட் ஸ்டீரிங்' இருக்கிறது. வண்டி பாதையை விட்டு விழப் போனால் கேமே திருப்பிவிடும். தங்கச்சிக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு, அண்ணனுக்கு எடுத்துவிடுங்கள். அது இருந்தால் சில குறுக்குவழிகளில் போக முடியாது, ஆனால் தங்கச்சி அதையெல்லாம் கண்டுகொள்ளப் போவதில்லை.

தனியாக ஆடுகிறவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்தால், எதனால் என்று கவனியுங்கள். கை வேகம் போதவில்லையா, வழி தெரியவில்லையா? கை வேகம்தான் என்றால் கேமின் வேகத்தை மட்டும் குறையுங்கள். செலஸ்ட் கேமில், ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக 50 வரை இறக்கலாம். ஒரேயடியாக 50க்குப் போகாதீர்கள், 90, 80 என்று இறங்கிப் பாருங்கள். சாகாவரம் தரும் வசதியும் அதிலேயே உண்டு. என்னைக் கேட்டால் அது கடைசிப் பட்சம்தான்.

அப்புறம், சில கேம்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். பெரியவர்களுக்கான ரெசிடென்ட் ஈவில் 4 (2005), நீங்கள் திணறினால் சத்தமில்லாமல் எதிரிகளின் மூர்க்கத்தைக் குறைத்துவிடும். அங்கே 'நார்மல்' போதும்.