கிளெய்ம் மறுக்கப்பட்டதா? முதலில் கோப்பைக் கேளுங்கள்

அம்மாவின் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கான கிளெய்மை மறுத்து மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் காரணம் என்று இருந்தது ஒரே வரிதான்: "மருத்துவ ரீதியாக அவசியமில்லை." மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. யார் பார்த்தார், எந்தக் காகிதத்தைப் பார்த்தார் என்று தெரியாமல் என்ன பதில் எழுதுவது?

அதனால் முதலில் கிளெய்ம் கோப்பின், அதாவது முடிவெடுக்க அந்த நிறுவனம் வைத்திருந்த காகிதங்களின், நகலை நிறுவனத்திடம் கேளுங்கள். போனில் வேண்டாம். மூன்று வாரம் நான் போனிலேயே அலைந்தேன். "அப்படி ஒரு கோப்பே கிடையாது" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரியில் கேளுங்கள்" என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் இருப்பது சிகிச்சைப் பதிவு. நிறுவனம் எப்படி முடிவெடுத்தது என்பது அதில் இருக்காது. மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேட்டால் தேதி நம் கையில் இருக்கும். பாலிசி எண், கிளெய்ம் எண் எழுதி, நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் இணையுங்கள்.

"முழுக் கோப்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அப்படி வந்தது 11 பக்கம், எல்லாம் நாங்கள் அனுப்பிய பில்களே. இரண்டாவது கடிதத்தில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டேன்: பரிசீலித்த மருத்துவரின் குறிப்பும் அவருடைய தகுதியும், அவர் பின்பற்றிய வழிகாட்டி விதிகள், உள் மின்னஞ்சல்கள், போன் உரையாடல் பதிவுகள்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வரி சேருங்கள். அமெரிக்காவில் ஹிப்பா (HIPAA) என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிப்படி பொதுவாக 30 நாளுக்குள் பதிவுகளைத் தர வேண்டும். ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மாதம் என்கிறது. சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம் எடுக்கலாம், முதல் நகல் இலவசம். கெடு தாண்டினால் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் கொடுங்கள்.

இதற்கிடையில் மேல்முறையீட்டுக்கான கடைசி நாளைத் தவறவிடாதீர்கள், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கோப்பு வராவிட்டாலும் மனுவைக் கொடுத்துவிட்டு, "கேட்ட ஆவணங்கள் இன்னும் வரவில்லை, வந்ததும் கூடுதல் விளக்கம் தருவேன்" என்று அதிலேயே எழுதுங்கள்.

அப்புறம், கோப்பு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். மருத்துவரின் குறிப்பைத் தேடுங்கள். எனக்கு வந்த 94 பக்கத்தில் அது 61-ஆம் பக்கத்தில் இருந்தது: "ஆறு வாரம் பிசியோதெரபி செய்ததற்குச் சான்று இல்லை." அதே கோப்பின் 38-ஆம் பக்கத்தில் எட்டு வார பிசியோதெரபி அறிக்கை, அவர்கள் பெற்றுக்கொண்ட முத்திரையோடு இருந்தது. மேல்முறையீட்டின் முதல் வரியில் அந்த இரண்டு பக்க எண்களைத்தான் எழுதினேன்.