போர்ட்டோ டு சாண்டியாகோ: கடலோர கமீனோவை தனியா நடக்கறது எப்படி (முதல் தடவ போறவங்களுக்கு)

ஸ்பெயினோட வடமேற்கு மூலைல சாண்டியாகோ தே கம்போஸ்தெலான்னு ஒரு ஊர், அங்க இருக்கற கதீட்ரல்லதான் இயேசுவோட சீடர் சந்தியாகப்பர் அடக்கம் ஆகியிருக்கார்னு நம்பிக்கை, அதனால ஆயிரம் வருஷத்துக்கும் மேலா ஜனங்க நாலா பக்கத்துல இருந்தும் அங்க நடந்தே வந்துட்டு இருக்காங்க. இந்த பாதைங்களுக்கு பொதுவா கமீனோன்னு பேரு. அதுல ஒண்ணுதான் போர்ச்சுகல்ல போர்ட்டோல ஆரம்பிச்சு அட்லாண்டிக் கடலை இடது கைப்பக்கமே வச்சுக்கிட்டு வடக்க போற கடலோர பாதை. சுமார் 280 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 20, 25ன்னு நடந்தா ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம். பெரிய மலை ஏத்தம் கிடையாது, பெரும்பாலும் ஊருக்கு ஊர் காபி கடை இருக்கு, மதமே இல்லாதவங்களும் நிறைய பேர் நடக்கறாங்க. முதல் தடவ தனியா போறேன்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம கைகாட்டறது இந்த ரூட்டைத்தான்.

தனியா போறதுன்னதும் எல்லாரும் கேக்கறது "பயமா இருக்காதா". பயத்தை விட பெரிய தொல்லை என்னன்னா எங்க நிக்கறது, எங்க சாப்பிடறது, இந்த கால் வலியோட இன்னும் 6 கிலோமீட்டர் இழுக்கலாமா வேணாமான்னு எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே முடிவு பண்ணனும், மத்தியானம் 2 மணிக்கு மேல மூளை அந்த வேலையை சுத்தமா செய்யாது. அதனால வீட்ல உக்காந்தே முடிவு பண்ண வேண்டியது எது, அங்க போய் பாத்துக்கலாம்ங்கறது எது, இதைப் பிரிச்சுக்கிட்டாலே பாதி பாரம் குறைஞ்சிடும்.

படி 1: மாசம், விசா

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை ஆகஸ்ட்ல கடற்கரை ஊரெல்லாம் ஐரோப்பாக்காரங்க லீவுக்கு வந்து ரொம்பியிருக்கும், ரூம் விலை ஏறும், போதாக்குறைக்கு நொர்த்தாதான்னு ஒரு வடகாத்து கோடை முழுக்க அடிக்கும், நீங்க போறதே வடக்க பாத்துதான், அதனால அது மூஞ்சிலயேதான் அடிக்கும். அக்டோபர் கடைசிக்கு மேல கலீசியா (சாண்டியாகோ இருக்கற ஸ்பெயின் மாகாணம்) பக்கம் மழை விடாது, பிரைவேட் விடுதிங்க சிலது மூடிடுவாங்க. இன்னொண்ணு, சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயித்துக்கிழமைல வந்தா அது புனித வருஷம், அடுத்தது 2027, அந்த வருஷம் கூட்டம் அள்ளும்.

இந்திய பாஸ்போர்ட்டுன்னா ஷெங்கன் விசா (ஐரோப்பால பல நாட்டுக்கு சேத்து ஒரே விசா) வேணும். ரெண்டு நாடு வர்றதால எந்த நாட்டுக்கு அப்ளை பண்றதுன்னு குழப்பம் வரும். எங்க அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாடு, ரெண்டும் சமமா வந்தா முதல்ல எங்க நுழையறீங்களோ அந்த நாடு. நடை மட்டும்னா போர்ச்சுகல்ல அஞ்சாறு ராத்திரி, ஸ்பெயின்ல அதை விட ஒண்ணு ரெண்டு ஜாஸ்தி வரும், ஆனா முன்னாடி போர்ட்டோவை சுத்திப் பாக்க நாலு நாள் சேர்த்தீங்கன்னா கணக்கு திரும்பிடும், அதனால பேப்பர்ல எழுதி எண்ணிப் பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜோட இருக்கணும்.

படி 2: பை

உங்க எடைல பத்துல ஒரு பங்குக்கு மேல பை இருக்கக் கூடாது. 60 கிலோ ஆளுன்னா 6 கிலோ, தண்ணி உட்பட. 30, 35 லிட்டர் பை தாராளம், பெருசா வாங்கினா அதை ரொப்பாம இருக்க மாட்டீங்க. போட்டிருக்கற துணி போக இன்னொரு செட், மூணு ஜோடி சாக்ஸ், மழைக்கு ஒரு ஜாக்கெட், ராத்திரிக்கு லேசான ஸ்லீப்பிங் பேக், சார்ஜர், மருந்து, ஒரு செருப்பு, நாலஞ்சு ஊக்கு. ஊக்கு எதுக்குன்னா காயாத சாக்ஸை பை மேல குத்தி விட்டுட்டு நடக்கலாம், கடல் காத்துல ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். ஜீன்ஸ் வேணவே வேணாம், நனைஞ்சா ரெண்டு நாள் ஆனாலும் காயாது.

படி 3: கால், இதுதான் எல்லாம்

ஷூ வாங்கறப்ப சாயந்திரமா கடைக்கு போங்க, அப்பதான் கால் வீங்கியிருக்கும், வழக்கமா போடறதை விட அரை சைஸ் பெருசா எடுங்க. கணுக்கால் வரைக்கும் வர்ற கனமான பூட்ஸ் இந்த ரூட்டுக்கு தேவையில்ல, ட்ரெயில் ஷூ போதும். புது ஷூவோட ஃப்ளைட் ஏறாதீங்க, வீட்ல இருக்கும்போதே ஒரு ரெண்டு மாசம் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பையை ரொப்பி மாட்டிக்கிட்டு நடங்க. முக்கியமா ரெண்டு நாள் அடுத்தடுத்து நடந்து பாக்கணும், ஏன்னா ஒரு நாள் 20 கிலோமீட்டர் யாரு வேணா நடந்திடலாம், மறுநாள் காலைல எழுந்து திரும்ப நடக்கறப்பதான் உண்மை தெரியும்.

கொப்புளம் திடீர்னு வராது. முதல்ல அந்த இடத்துல லேசா சூடா ஒரு உறுத்தல் வரும், குதிகால் ஓரத்துலயோ சுண்டுவிரல் பக்கத்துலயோ, "அடுத்த காபி கடைல பாத்துக்கலாம்"னு தோணும், அங்கதான் எல்லாரும் மாட்டறது. அந்த இடத்துலயே உக்காருங்க, ஷூவைக் கழட்டி மணலை உதறி, காலைத் தொடச்சு, ஈரம் காஞ்சதும் டேப் ஒட்டுங்க, சாக்ஸை மாத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை. தினமும் காலைல விரல் இடுக்குல வாஸ்லின் தடவிக்கிட்டா உரசல் பாதி குறையும். போர்ச்சுகல் கிராமத்துக்குள்ள தெருவெல்லாம் சதுர கருங்கல் பதிச்ச தெரு, பாக்க அழகுதான், ஆனா 5 கிலோமீட்டர் நடந்தா உள்ளங்கால் கதறும், ஓரத்துல மண் தடம் இருந்தா அதுல ஏறிடுங்க.

வெயில் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். வடக்க பாத்து நடக்கறதால மத்தியான வெயில் முதுகுல, சாயந்திர வெயில் இடது பக்கத்துல. முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் பூசிட்டு போறவங்களுக்கு பின்கழுத்தும் கெண்டைக்கால் பின்பக்கமும்தான் வெந்து போகும். காத்து குளுகுளுன்னு இருக்கறதால சுடறதே தெரியாது.

படி 4: கிரெடென்சியல்

இது யாத்திரிகர் பாஸ்போர்ட், மடிச்சு வச்ச அட்டை, போற வழியெல்லாம் முத்திரை வாங்கிக்கணும். போர்ட்டோ கதீட்ரல்லயே வாங்கலாம், முதல் முத்திரையும் அங்கயே குத்திடுவாங்க. சர்ச், விடுதி, காபி கடை எல்லாத்துலயும் முத்திரை இருக்கும், காபி மிஷின் பக்கத்துல மை அட்டையோட ஒரு கட்டை கிடக்கும், கேட்டா அவங்க குத்துவாங்க, சில கடைல "நீயே குத்திக்கோ"ன்னு தள்ளி விடுவாங்க. நடந்து முடிச்சதுக்கு சாண்டியாகோல தர்ற சான்றிதழ் கிடைக்க குறைஞ்சது 100 கிலோமீட்டர் நடந்திருக்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு முத்திரையாவது வேணும். அட்டையை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, வேர்வை பட்டாலே மை ஊறிடும்.

படி 5: கிளம்பறது

போர்ட்டோ கதீட்ரல் வாசல்ல மஞ்சள் அம்பு இருக்கும். கமீனோ முழுக்க வழி காட்டறது அந்த மஞ்சள் அம்புதான், 1980கள்ல எலியாஸ் வலிஞான்னு ஒரு பாதிரியார் பெயிண்ட் டப்பாவோட கிளம்பி ஆரம்பிச்சு வச்ச வேலை. ஆனா கதீட்ரல்ல இருந்து அம்பை மட்டும் நம்பி போனா உள்நாட்டு ரூட்டுக்கு, அதாவது கடலை விட்டு விலகிப் போற இன்னொரு கமீனோவுக்கு, கொண்டு போய் விட்டுடும். கடலோரம் வேணும்னா கீழ டோரு ஆத்தங்கரைக்கு இறங்கி, ஆறு இடது பக்கம் இருக்கற மாதிரி கடைசி வரைக்கும் நடங்க, ஃபோஸ்ங்கற இடத்துல ஆறு கடல்ல கலக்கும், அங்க வலது பக்கம் திரும்பிட்டா வடக்கு. நேரம் கம்மின்னா மெட்ரோல மத்தோசின்யோஸ் போய் அங்க இருந்து ஆரம்பிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க, அது ஒண்ணும் பாவம் இல்ல. நீல அம்பு கண்ல பட்டா கண்டுக்காதீங்க, அது போர்ச்சுகல்ல இருக்கற பாத்திமா மாதா கோயிலுக்கு போறவங்களுக்கு, நேர் எதிர் திசை.

மத்தோசின்யோஸ் தாண்டினதும் மரப்பலகை நடைபாதை ஆரம்பிக்கும், மணல்மேட்டுக்கு மேல கிலோமீட்டர் கணக்கா போகும். லேசா துள்ளும், முட்டிக்கு சுகம். காத்து ஜாஸ்தி அடிச்ச இடத்துல மணல் பலகையை மூடியிருக்கும், மழை பேஞ்ச காலைல பலகை வழுக்கும், அப்ப மட்டும் வேகத்தைக் குறைங்க. இந்த பக்கம் கடலோர கமீனோன்னு ஒண்ணு, அதை விட கடலை ஒட்டியே போற லித்தோரால்னு ஒண்ணு, ரெண்டும் அடிக்கடி பிரிஞ்சு சேரும். என் ரூல் சிம்பிள்: காத்து இல்லன்னா கடல், காத்து அடிச்சா உள்ள. நொர்த்தாதா மத்தியானத்துக்கு மேலதான் வேகம் எடுக்கும், காலைல 7 மணிக்கே கிளம்பிட்டா பெரும்பாலும் தப்பிச்சிடலாம்.

வழில வரிசையா வர்ற ஊருங்க: விலா தோ கோந்தே, பொவுவா தே வர்ஸீம், பழைய காத்தாலைங்க வரிசையா நிக்கற அப்பூலியா, எஸ்போசெந்தே, அப்பறம் வியானா தோ காஸ்தெலோ. வியானாவுக்குள்ள போறதே ஐஃபல் கம்பெனி 1878ல கட்டின இரும்புப் பாலத்து மேலதான், நடக்கறவங்களுக்கு விட்டிருக்கற ஓரம் குறுகல், பக்கத்துலயே வண்டி போகும்.

படி 6: ராத்திரி தங்கறது

யாத்திரிகர் விடுதிக்கு ஆல்பர்கேன்னு பேரு. பப்ளிக் ஆல்பர்கேல முன்பதிவு கிடையாது, முதல்ல வர்றவங்களுக்கு முதல்ல கட்டில், கலீசியால 10 யூரோ மாதிரி வாங்குவாங்க. பிரைவேட்டா இருந்தா முன்னாடியே புக் பண்ணலாம். தனியா போறவங்களுக்கு என் யோசனை, முதல் ரெண்டு ராத்திரியும் கடைசி ராத்திரியும் புக் பண்ணிடுங்க, நடுவுல இருக்கறதை முந்தின நாள் சாயந்திரம் போன் போட்டு பாத்துக்கோங்க. எல்லா நாளையும் மொத்தமா புக் பண்ணிட்டா கால் வலிச்சாலும் நிக்க முடியாது.

உள்ள நுழையறப்பவே ஷூவை வாசல் அலமாரில வச்சிடணும், நனைஞ்சிருந்தா பழைய நியூஸ்பேப்பரை உருட்டி உள்ள திணிச்சு வைங்க, காலைக்குள்ள பாதி ஈரத்தை இழுத்திடும். 10 மணிக்கு லைட் ஆஃப், காலைல 8 மணிக்குள்ள காலி பண்ணனும். குறட்டை பத்தி தனியா சொல்லணுமா, காதடைப்பான் எடுத்துட்டு போங்க.

படி 7: ஆத்தைத் தாண்டறது

கமீன்யாதான் போர்ச்சுகல்ல கடைசி ஊர், எதிர்கரைல ஸ்பெயின். நடுவுல மின்யோ ஆறு, பாலம் கிடையாது, சின்ன மோட்டார் போட்தான். ஆத்துவாய்ல மணல் சேர்ந்துட்டே இருக்கறதால தண்ணி வத்தற நேரத்துல போக்குவரத்துல சிக்கல் வரும், அலை மோசமா இருந்தாலும் ஓட்ட மாட்டாங்க. முந்தின ராத்திரியே விடுதிக்காரங்க கிட்ட கேட்டு மறுநாள் ஓதம் (கடல் தண்ணி ஏறி இறங்கறது) எப்ப, போட் எப்பன்னு தெரிஞ்சுக்கிட்டு தூங்குங்க. போட் இல்லவே இல்லன்னா ஆத்தங்கரையோடயே வலென்சா வரைக்கும் மேல போய் பாலம் வழியா ஸ்பெயின் பக்கம் இருக்கற துய்ங்கற ஊருக்கு போகலாம், ஆனா அதுக்கப்பறம் நீங்க உள்நாட்டு ரூட்ல இருப்பீங்க, கடல் போயிடும்.

அக்கரைல இறங்கின உடனே மணி ஒரு மணி நேரம் முன்னாடி ஓடியிருக்கும், ஸ்பெயின் டைம் வேற. இதை மறந்தா மூடின ஆல்பர்கே வாசல்லதான் நிக்கணும். சாப்பாட்டு நேரமும் மாறிடும், மதிய சாப்பாடு 1.30க்கு மேல, ராத்திரி 8.30க்கு முன்னாடி ஹோட்டல்ல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, வாழைப்பழம், சீஸ் வாங்கி பைல போட்டுக்கோங்க. வெஜிடேரியன்னா உருளைக்கிழங்கு தோர்த்தியா எங்கயும் கிடைக்கும், அதுல முட்டை உண்டு. போர்ச்சுகல்ல கால்தோ வெர்தே சூப் கீரைதானேன்னு நம்பிடாதீங்க, மேல ஒரு துண்டு சாஸேஜ் மிதக்கும், போடாதீங்கன்னு முன்னாடியே சொல்லணும்.

படி 8: ஸ்பெயின் பக்கம்

அக்கரை ஊரான ஆ குவார்தால இருந்து பயோனா வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர், பாறைக் கடற்கரை, நிறைய தூரம் வண்டி போற ரோட்டு ஓரமா. கடைங்க கம்மி, ஒண்ணரை லிட்டர் தண்ணியோட கிளம்புங்க, முடியலன்னா நடுவுல ஓயாவுல கடலை ஒட்டி நிக்கற பழைய மடத்துக்கிட்ட நிறுத்திக்கலாம். எனக்கு இந்த மொத்த பாதைலயும் பிடிச்சது இந்த துண்டுதான், ஆள் நடமாட்டமே இல்லாம பாறைல அலை அடிக்கற சத்தம் மட்டும் கூடவே வரும். பயோனா 1493 மார்ச்ல கொலம்பஸோட பின்தா கப்பல் முதல் அமெரிக்கப் பயணம் முடிச்சு திரும்பி வந்து சேர்ந்த ஊர்.

அடுத்து வீகோ, பெரிய சிட்டி, நடந்து தாண்டறதுக்குள்ள சலிச்சிடும். வெளிய வர்றப்ப செந்தா தா ஆவுகான்னு தண்ணிக் கால்வாய் ஓரமா மேட்டுல ஒரு பாதை இருக்கு, அதைப் பிடிங்க, கீழ கழிமுகம் தெரியும். ரெதோந்தேலால உள்நாட்டு ரூட் வந்து சேந்துக்கும், அதுக்கப்பறம் தனிமை அவ்வளவுதான், திருவிழா கூட்டம். கடலும் விலகிடும். கட்டில் கிடைக்க சீக்கிரம் போய் சேருங்க, இல்லன்னா போன்ல புக் பண்ணுங்க. போன்தெவெத்ரா, கால்தாஸ் தே ரெயிஸ், பத்ரோன். சந்தியாகப்பர் உடலைக் கொண்டு வந்த படகைக் கட்டினதா சொல்ற கல்லு பத்ரோன் சர்ச்ல பலிபீடத்துக்கு அடியில இருக்கு, கதவு திறந்திருந்தா உள்ள போய் பாருங்க.

தனியா இருக்கும்போது பாதுகாப்பு

ரெண்டு நாட்டுலயும் அவசர நம்பர் 112. ஸ்பெயின் அரசாங்கத்தோட அலர்ட்காப்ஸ் ஆப்பை முன்னாடியே போன்ல போட்டு வைங்க, நீங்க இருக்கற இடத்தோட போலீசுக்கு அலாரம் போகும். தினமும் ஒரே நேரத்துல வீட்டுக்கு ஒரு மெசேஜ், லொகேஷனோட. பெண்கள் விடியறதுக்கு முன்னாடி தனியா கிளம்பறதைத் தவிர்க்கலாம், அதே பக்கம் போற ரெண்டு பேரோட சேந்து கிளம்பிட்டு வெளிச்சம் வந்ததும் பிரிஞ்சுக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அப்பறம் அட்லாண்டிக்கை குறைச்சு எடை போடாதீங்க, லைஃப்கார்ட் இல்லாத பீச்ல தனியா கால் நனைக்கறதுக்கு மேல வேணாம், சிவப்புக் கொடின்னா அதுவும் வேணாம்.

படி 9: சேர்ந்தாச்சு

முதல்ல கதீட்ரல் சதுக்கம், ஆசை தீர உக்காருங்க. பெரிய பையோட கதீட்ரலுக்குள்ள விட மாட்டாங்க, லாக்கர்ல வச்சுட்டு போங்க. யாத்திரிகர் அலுவலகம் ரூவா தாஸ் கர்ரேதாஸ் தெருவுல, பக்கம்தான். விவரத்தை ஆன்லைன்லயே பதிஞ்சுட்டு போனா வேலை சுலபம், முத்திரை அட்டையைக் காட்டினா லத்தீன்ல பேர் எழுதி சான்றிதழ் தருவாங்க, அது இலவசம். தூரம் போட்ட இன்னொரு சான்றிதழ் இருக்கு, அதுக்கு காசு. 50 கிலோவுக்கு மேல இருக்கற பெரிய தூபக்கலசம் கூரைல இருந்து ஊசலாடறதைப் பாக்கணும்னு வர்றவங்க கவனிங்க, அதை எல்லா நாளும் ஆட்ட மாட்டாங்க, குறிப்பிட்ட திருநாள்லதான்.

திரும்பறதுக்கு சாண்டியாகோல இருந்து போர்ட்டோவுக்கு நேர் பஸ் இருக்கு, மூணு நாலு மணி நேரம். டிக்கெட்ல கிளம்பற நேரம் ஸ்பெயின் டைம்ல, இறங்கற நேரம் போர்ச்சுகல் டைம்ல இருக்கும், அதைப் பாத்து கணக்கு போட்டு ஃப்ளைட்டை வைங்க, நடுவுல ஒரு ரெண்டு நாள் சும்மா விட்டு வச்சா மழைக்கோ கால் வீக்கத்துக்கோ ஆகும்.