பெர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளரைப் பதிவு செய்தல்: வன்னிக் குடும்பங்களுக்கான செய்முறை

என் தந்தையாருக்கு இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் பெர்மிட் வயல், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த வயல், இருந்தது. அது தங்கைக்கே சேர வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, அவளைப் பின்னுரித்தாளராக, அதாவது தமக்குப் பின் காணியைப் பெறுபவராக, நியமிக்கும் படிவத்தில் கையொப்பமும் இட்டிருந்தார். அவர் காலமான பின்னரே, அந்தப் படிவம் பதிவுக்குப் போகாமல் அலுமாரிக்குள் கிடந்தது எங்களுக்குத் தெரியவந்தது. அதன் பிறகு அலைந்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், வீட்டிலுள்ள காணிப் பத்திரங்களை உறுதிக் காணி (உறுதி எழுதிச் சொந்தமான தனியார் காணி), அரச காணி என இரண்டாகப் பிரியுங்கள். பெர்மிட்டும் அரசு தரும் அளிப்புப் பத்திரமும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் வழி வேறு.

உறுதிக் காணியை, உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் நன்கொடை உறுதியாக எழுதலாம். அப்போது பெற்றோர் தமது சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கி வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. மரணசாசனம் எழுதுவதாயின், 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் வேண்டும். சொத்தைப் பெறுபவரைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும் குடும்பமாயின் முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) எது எது என்பதையும் குறித்து வையுங்கள். ஒருவர் இறந்தால் தேடியதேட்டத்தில் அரைப்பங்கு உயிரோடிருக்கும் துணைக்கும், மறு அரைப்பங்கு இறந்தவரின் உரித்தாளர்களுக்கும் போகும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், தேசவழமை தமக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்களை விழுத்தியது அடுத்த படி. பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. வழமையான உரிமைவழிச் சட்டங்கள் அதற்குப் பொருந்தா. ஆகவே பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பெர்மிட்காரர் வாழ்க்கைத்துணையை அல்லது சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலுள்ள உறவினரைப் பின்னுரித்தாளராக நியமிக்க வேண்டும். அந்தப் பத்திரம் பிரதேச செயலாளர் போன்ற உரிய அதிகாரி ஒருவரின் முன்னிலையில் மூன்று பிரதிகளில் ஒப்பமிடப்பட வேண்டும். இத்தோடு வேலை முடிந்துவிட்டதென்று நாங்கள் நம்பினோம். ஆனால் பெர்மிட்காரர் இறப்பதற்கு முன்னரே அந்தப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் நியமனம் செல்லும். இறந்த மறுநாள் கொண்டுபோனாலும் அது வெறும் கடதாசிதான். எனவே ஒப்பமிட்ட நாளிலிருந்து பிரதேச செயலகத்தின் காணிக்கிளைக்குத் திரும்பத் திரும்பப் போய், பதிவு இலக்கத்தை உங்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். "அனுப்பியாயிற்று" என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மா அந்தக் காணியை அனுபவிக்கிறார். ஆனால் நியமனம் பெறாமல் துணையாக மட்டும் உரித்தடைந்தவர் அதைக் கைமாற்றவோ வேறொருவரை நியமிக்கவோ முடியாது. அவருக்குப் பின் தந்தையாரின் விருப்பம் அல்ல, சட்டத்தின் வரிசையே தீர்மானிக்கும். பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரிமை போய்விடும் என்பதையும் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

வங்கிக் கணக்குகளுக்கு நியமனதாரர் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அது ஒரே நாளில் முடியும் வேலை.

பத்திரங்களை லமினேற் செய்யாதீர்கள். பெர்மிட்டில் பின்னர் குறிப்பு எழுதவும் முத்திரையிடவும் வேண்டிவரும். இடப்பெயர்வில் உரப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அசல் பிளாஸ்டிக் கோப்பில் இருக்கட்டும், படம்பிடித்த பிரதி வேறு ஊரிலுள்ள சகோதரர் ஒருவரிடமும் இருக்கட்டும். கைபேசிச் செயலிகளைவிட, காணியின் பெயர், பரப்பு, பதிவு இலக்கம் எழுதிய ஒரு சிஆர் கொப்பியையே நான் நம்புகிறேன்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த முல்லைத்தீவுச் சகோதரி ஒருவர், போரில் கணவர் காணாமற்போன நிலையில், தன் சீதனக் காணியை மகளுக்கு எழுதப் போனபோது கணவரின் எழுத்துமூலச் சம்மதம் கேட்கப்பட்டதாகத் தெரிவித்தார். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணுக்கு 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அந்தச் சம்மதத்தை விதிக்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அதற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். நொத்தாரிசிடம் போவதற்கு முன் அந்த விண்ணப்பத்தைச் செய்துகொள்ளுங்கள்.