கென்யா போயிட்டு அப்படியே சென்னை போறீங்களா? மொதல்ல மஞ்ச புக்க காட்டுங்க

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஃப்ளைட் டிக்கெட் போடுற வேலை எனக்கு. ஸ்கூல் லீவு நெருங்குனா போதும், புதுசா சேர்ந்த பிள்ளைங்க கஸ்டமர்கிட்ட விசா கேப்பாங்க, லக்கேஜ் எத்தன கிலோன்னு கேப்பாங்க, ஊசி பத்தி மட்டும் வாயே தொறக்க மாட்டாங்க. சீக்கிரமா டாக்டர பாருங்கங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அத விடுங்க. ஊசி விஷயத்துல ஆளுங்க செய்யுற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

போற நாடு கேக்கலன்னு ஊசிய விடுறது

இத நெனச்சா இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வரும். கே.எல்.லேர்ந்து துபாய் வழியா நைரோபி போனா அங்க மஞ்சக் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) ஊசி சர்ட்டிபிகேட், அதான் அந்த மஞ்ச புக், கேக்க மாட்டாங்க, ஏன்னா மலேசியாவுல அந்த நோய் இல்ல. ஒடனே "அப்ப வேணாம்லா, காசு மிச்சம்"னு முடிச்சிடுறாங்க. ஆனா கென்யாவுல அந்த நோய் இருக்கே! அங்கேர்ந்து கெளம்பி எங்க போய் எறங்குறீங்களோ அங்கதான் வில்லங்கம். நம்ம கேஎல்ஐஏ ஏர்போர்ட்டுல கேப்பாங்க, இந்தியாவுல அதவிட கறார்.

கிள்ளான் குடும்பம் ஒன்னு, வேற ஒரு ஏஜென்ட்கிட்ட டிக்கெட் எடுத்து, சஃபாரி முடிச்ச கையோட சென்னையில அக்கா மக கல்யாணத்துக்கு எறங்குனாங்க. கையில மஞ்ச புக் இல்ல. குவாரண்டைன்ல வச்சிட்டாங்க, ஆறு நாள் வரைக்கும் வைக்கலாம், ரூல் அப்படி. இதுல மாப்பிள்ளையோ பொண்ணோ இல்ல, தாய்மாமன் உள்ள மாட்டிக்கிட்டாரு. முகூர்த்தப் பட்டு அவரு ஹேண்ட் கேரியில, மண்டபத்துல ஆளாளுக்கு போன் மேல போன், கடைசியில வேற சேலைல தாலி கட்டுனாங்க, மாமன் வாட்ஸ்அப்ல பாத்தாரு. "நைரோபியில யாரும் கேக்கலயேம்மா"ன்னு என்கிட்ட வந்து சொல்றாரு, நான் என்னத்த சொல்ல?

போட்டவங்களும் தேதியில கோட்ட விடுறாங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அந்த சர்ட்டிபிகேட் செல்லும். வீட்டுப் பக்கத்து தாமான் கிளினிக்ல போட்டுட்டு வந்தா ஆகாது, அதுக்குன்னு அனுமதி உள்ள எடத்துல போட்டு, முத்திரை, டாக்டர் கையெழுத்து, உங்க கையெழுத்து எல்லாம் இருக்கணும், பேரும் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே. இது உயிருள்ள கிருமிய பலவீனமாக்கி செய்யுற ஊசி, அதனால அறுபது தாண்டுனவங்க, கர்ப்பமா உள்ளவங்க, முட்ட ஒத்துக்காதவங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அவரு வேணாம்னா அத அந்த புக்லயே எழுதி வாங்கிக்கலாம்.

பழைய புக்க தூக்கிப் போடுறது

2016 ஜூலை 11லேர்ந்து மஞ்ச புக் ஆயுசுக்கும் செல்லும், பழைய புக்ல பத்து வருஷம்னு போட்டிருந்தாலும் சரி. மறுபடி போடச் சொல்ற ஏஜென்ட்ட நம்பாதீங்க.

"நம்ம ஊரு தண்ணிதானே"

இந்தியா போறவங்க சொல்றது இது. தாத்தா ஊருன்னா கிருமி சொந்தம் பாத்து ஒதுங்குமா? தைபாய்ட் ஊசிய கெளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போடுங்க. இங்க மலேசியாவுல சாப்பாட்டுக் கடையில வேல செய்யுறவங்க கட்டாயத்துக்காக மூனு வருஷத்துக்கு ஒருக்கா போடுறாங்களே, அதே ஊசிதான். ஹெபடைடிஸ் ஏ-யும் கேட்டுப் பாருங்க, அது ரெண்டு டோஸ்.

உம்ராவுக்கு கடைசி வாரம் ஓடுறது

பினாங்கு பாய்மாருங்க கவனிக்க: மெனிஞ்சைட்டிஸ் ஊசி சவுதிக்குள்ள போறதுக்கு பத்து நாளாச்சும் முன்னாடி.

மலேரியா ஊசி எங்கன்னு தேடுறது

டூரிஸ்ட்டுக்கு அது மாத்திரைதான். திரும்பி வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் முழுங்கணும், வீட்டுக்கு வந்தாச்சேன்னு நிறுத்தாதீங்க.