வெயில் காலத்துச் சிவப்பு ஒயின்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பியக் குளிருக்குச் சொன்னது. கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் அப்படி ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். பழகுவதற்கு எளிதான, பிரான்ஸின் போஜொலே என்ற சிவப்பு ஒயின் கிடைத்தால், ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 13 டிகிரிக்கு இறங்கினால் செர்ரி, ராஸ்ப்பெர்ரி வாசம் தெளிவாக எழும். சில பாட்டில்களில் வாழைப்பழ வாசமும் வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். போஜொலே செய்யும் காமே என்ற திராட்சையைக் குலை குலையாக, நசுக்காமல் நொதிக்கவைப்பதால் வருவது அது. போஜொலேயில் துவர்ப்பு குறைவு என்பதால் களியோடும் நாட்டுக்கோழிக் குழம்போடும் ஒத்துப்போகும். துவர்ப்பு மிகுந்த கபர்னே சாவிஞோன் என்ற சிவப்பு ஒயினோ மிளகாய்க் காரத்தை இன்னும் தூக்கிவிடும்.