குதிரைப் பந்தயக் கதை எழுத, சேலத்திலிருந்து தயாராவது எப்படி?

1200 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய 72 விநாடியில் முடிந்துவிடும். கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்த 72 விநாடிக்கு மட்டுமே தயாராகிறார்கள். புழுதி, கூச்சல், கடைசி நொடியில் மூக்கு நுனி வித்தியாசத்தில் வெற்றி. குதிரையோடு பழகியவர் படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கதை கலைந்துவிடும். அவர் தேடுவது விடியற்காலை லாயம், எடைத் தராசு, குதிரையின் முழங்காலுக்குக் கீழே இருக்கிற ஒரு சாண் தசைநாண். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பந்தயம் தானாக எழுத வரும்.

சேலத்தில் பந்தய மைதானம் கிடையாது. ஆனால் வேண்டியதில் பாதி நாமக்கல்லிலும் அந்தியூரிலும் கிடைக்கும். மீதிக்கு ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி ஏறுவதற்கு முன்

ஒரு தாளில் நான்கை எழுதிக்கொள்ளுங்கள்: ஆண்டு, தூரம், சுமை (குதிரை ஓட்டுகிறவரும் சேணமும் சேர்ந்த எடை), தரையின் ஈரம். இவை முடிவாகாமல் யாரிடம் போய்க் கேட்டாலும் பொதுவான பதில்தான் வரும். "ஒரு குதிரை எவ்வளவு வேகம் ஓடும்?" என்று கேட்டால் எதையாவது சொல்வார்கள். "மழை பெய்த மறுநாள், 1600 மீட்டர், 58 கிலோ சுமையோடு ஓடினால்?" என்று கேட்டால்தான் எதிரில் இருப்பவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காருவார்.

தமிழ்நாட்டில் நடக்கிற கதை என்றால் ஆண்டு மிக முக்கியம். பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தை மாநில அரசு 1974-இல் கொண்டுவந்தது. 1986-இல் சென்னை கிண்டி மைதானத்தை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில்தான் "குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது" என்ற தீர்ப்பு வந்தது. ஆகவே 1980-களில் கிண்டியில் வேலை பார்க்கும் ஒரு பாத்திரத்தின் பேச்சில், அடுத்த வருடம் இந்த வேலை இருக்குமா என்ற கவலை இல்லாமல் இருக்காது. இன்றைய கதைக்கும் இது பொருந்தும். ஊட்டி மைதானத்தின் நிலத்தை 2024 ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் நிலக் குத்தகையும் ரத்தானது. எந்த மாதத்தில் கதை நடக்கிறதோ அந்த மாதத்துச் செய்தித்தாளைப் பார்க்காமல் கிண்டியில் ஒரு பந்தயத்தை ஓடவிடாதீர்கள்.

தூரத்துக்கு ஏற்ற நேரத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். 1000 மீட்டருக்கு ஒரு நிமிடம், 1600-க்கு ஒரு நிமிடம் 38 விநாடி, 2400-க்கு இரண்டரை நிமிடம். நல்ல தரையில் ஓடும் நல்ல குதிரைக்கு இந்தக் கணக்கிலிருந்து இரண்டு மூன்று விநாடிக்கு மேல் விலகினால் நம்பும்படி இருக்காது. சேறான தரையில் நேரம் கூடும்.

வயதில் அடிக்கடி தப்பு நடக்கிறது. இந்தியாவில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-ஆம் தேதி ஒரு வயது கூடும், பிறந்த நாள் எதுவானாலும் சரி. இங்கிலாந்தில் டெர்பி என்ற பெரிய பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கு உரியது. மும்பை மகாலட்சுமியில் ஓடும் இந்தியன் டெர்பி நான்கு வயதுக் குதிரைகளுக்கு, 2400 மீட்டர். வெளிநாட்டுக் கதைகளைப் படித்து எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

குதிரையின் உடம்பு

இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். முன்கூட்டியே கடிதம் எழுதி, கேள்விகளையும் இணைத்து அனுப்பிவிட்டுப் போங்கள். கேள்விகள் உடலியலைப் பற்றி இருக்கட்டும்.

குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. "வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது" என்று ஒரு வரி வந்தால் கதை அங்கேயே செத்தது. மூக்குத் துவாரம்தான் கிண்ணம் போல விரியும், உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். வாயில் நுரை தள்ளுவது கடிவாளத்தை மெல்லுவதால். அது களைப்பின் அடையாளம் அல்ல. வியர்வையும் வெள்ளை நுரையாகவே வரும். பின் தொடைகள் உரசும் இடத்திலும் கழுத்தில் கடிவாள வார் உரசும் இடத்திலும் சோப்பு நுரை போலத் திரண்டு நிற்கும். ஓடுவதற்கு முன்பே அது தெரிந்தால் குதிரை பதற்றத்தில் சக்தியைச் செலவழித்துவிட்டது என்று பொருள்.

முழு வேகத்தில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். கால்கள் நீளும்போது காற்று உள்ளே போகும், முன்னங்கால் தரையில் விழும்போது வெளியே வரும். ஒரு பாய்ச்சல் ஆறு, ஏழு மீட்டர். அப்படியானால் 1200 மீட்டருக்குச் சுமார் 180 பாய்ச்சல், 180 மூச்சு. குதிரையை ஓட்டும் ஜாக்கியின் காதில் முதலில் விழுவது கூட்டத்தின் கூச்சலா, இந்த மூச்சா? பந்தயப் பத்தியின் தாளத்தை இதிலிருந்து எடுங்கள்.

வளைவில் உள்பக்கத்து முன்னங்கால்தான் முன்னே விழும். நேர்ப்பாதைக்கு வந்ததும் நல்ல குதிரை காலை மாற்றிக்கொள்ளும். மாற்றாத குதிரை ஒரே காலில் களைத்து, கடைசி 200 மீட்டரில் ஒரு பக்கமாகச் சாயும். தோல்விக்குக் காரணம் தேடும் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல காரணம் அமையாது. ஜாக்கியை வில்லனாக்கவும் வேண்டாம், சதி வைக்கவும் வேண்டாம்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாகிறது. அடையாளங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: தீனியைத் தொடாது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்னங்காலால் தரையைச் சுரண்டும், படுக்கும், எழும், புரளும். இரவு இரண்டு மணிக்கு இதைக் கண்டுபிடிக்கிறவர் லாயத்துக் குதிரைக்காரர். டாக்டர் வரும் வரை அவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருப்பார்.

விடியற்காலை

லாயத்தில் நாள் நாலு மணிக்குத் தொடங்கிவிடும். சாணம் அள்ளுதல், தண்ணீர் வாளி, முதல் தீனி. பிறகு குதிரைக்காரர் குனிந்து உட்கார்ந்து நான்கு கால்களையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்துத் தசைநாணில் நேற்றைவிடச் சூடு தெரிந்தால் அன்றைய ஓட்டம் கிடையாது. வீக்கமும் நொண்டலும் பிறகுதான் வரும், சூடு முதலில் வரும். இந்தக் காட்சியைச் சரியாக எழுதிவிட்டால் வாசகர் உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்.

பேச்சு இப்படித்தான் சுருக்கமாக இருக்கும். சேலத்துப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று வையுங்கள்:

"அண்ணா, இந்தக் காலைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கண்ணா. நேத்தைக்கு இவ்வளவு சூடு இல்லீங்க."

"சேணம் போடாதே. சார் வரட்டும்."

தீனியில் ஓட்ஸ், தவிடு, உலர்ந்த புல், பசுந்தீவனம். பசுந்தீவனத்தில் முக்கியமானது நம் பக்கத்து விவசாயிகளுக்குப் பழக்கமான குதிரை மசால். ஊற வைத்தோ வேக வைத்தோ கொள்ளு கொடுப்பதும் உண்டு. ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயிலிலும் ஓட்டத்துக்குப் பிறகும் இன்னும் கூடும். பந்தய நாளில் தீனியைக் குறைத்துவிடுவார்கள். தீனித்தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்தே குதிரைக்கு இன்று ஓட்டம் என்று தெரிந்துவிடும், அதன் நிலைகொள்ளாமையை அங்கிருந்து எழுதலாம்.

லாடத்தையும் மறக்க வேண்டாம். பயிற்சிக்கு இரும்பு, பந்தயத்துக்கு மெல்லிய அலுமினியம். ஆணி சற்று உள்ளே இறங்கிவிட்டால் மறுநாள் குதிரை அந்தக் காலை ஊன்றாது.

தராசு

பந்தயத்தில் நேர்மையைக் காப்பது தராசு. ஜாக்கி சேணத்தோடு ஏறி நிற்க வேண்டும், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும். குறைவாக இருந்தால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைப்பார்கள். முதலில் வந்த குதிரையின் ஜாக்கி திரும்பி வந்து எடை போடும்போது குறைந்திருந்தால் வெற்றி போய்விடும். ஓட்டம் முடிந்து குதிரையைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அவர் இறங்கி, தானே சேணத்தைக் கழற்றி, கையில் சுமந்துகொண்டு தராசுக்குப் போவார். உங்கள் கதாநாயகன் இறங்கியதும் காதலியைத் தேடி ஓடுவதாக எழுதாதீர்கள்.

நல்ல குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. இதுதான் ஹேண்டிகேப். ஏறக்குறைய ஒன்றரை கிலோ கூடினால் 1000 மீட்டரில் ஒரு லென்த் பின்தங்கும் என்பது பழைய கணக்கு. தூரம் கூடக்கூட இந்தக் கிலோ குறையும். 2400 மீட்டரில் அரைக் கிலோவே ஒரு லென்த். ஒரு லென்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர். ஒரு விநாடிக்கு ஆறேழு லென்த் கடந்துவிடும். ஆகவே "ஐந்து விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தது" என்று எழுதினால் முப்பது குதிரை நீளம் என்று ஆகிவிடும். வெற்றி வித்தியாசத்தை லென்த், கழுத்து, தலை, ஷார்ட் ஹெட் (தலையை விடக் குறைந்த வித்தியாசம்) என்றே சொல்லுங்கள்.

ஜாக்கியின் பசியை இந்தத் தராசிலிருந்து எழுத வேண்டும். இரண்டு கிலோவை ஒரே நாளில் வியர்த்து இறக்குகிற மனிதர் தண்ணீர் டம்ளரைப் பார்க்கும் பார்வை தனி. அவர் பந்தயம் கட்டக்கூடாது என்பது விதி. கதையில் அவர் கட்டினால், அது தண்டனைக்குரிய குற்றம் என்ற கனத்தோடு வர வேண்டும்.

பணக் கணக்கைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். டோட் என்பது எல்லோரும் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. ஒரு லட்சம் சேர்ந்து, வரியும் கழிவும் போய் 75,000 மிஞ்சி, ஜெயித்த குதிரையின் மேல் 15,000 கட்டப்பட்டிருந்தால் பத்து ரூபாய்க்கு ஐம்பது. கழிவின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது வரி 28 சதவீதமாக இருந்தது. முதல் இரண்டு குதிரைகளை எந்த வரிசையிலும் சொன்னால் குவினெல்லா, முதல் மூன்றையும் வரிசை தப்பாமல் சொன்னால் டனாலா, தொடர்ந்து ஐந்து பந்தயத்திலும் ஜெயிக்கும் குதிரையைச் சொன்னால் ஜாக்பாட்.

எங்கே போவது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். பவானி வழியாக இரண்டு மணி நேரம். அங்கே வாசனை, கனைப்பு, வியாபாரப் பேச்சு, கூட்டத்தில் குதிரை மிரளும் விதம் எல்லாம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வரும் கத்தியவாரிக் குதிரையும் மார்வாரிக் குதிரையும் வேறு இனம். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகிறாற்போல இருக்கும். பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் குதிரைக்குக் காது நேராக இருக்கும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். சந்தையில் சுழி பார்த்து விலை பேசுவார்கள். பந்தயக் குதிரையின் பாஸ்போர்ட்டிலும் சுழிகளைக் குறித்து வைப்பார்கள், ஆனால் அது அதிர்ஷ்டத்துக்காக அல்ல, ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்க. சேலத்துப் பாத்திரம் ஒருவர் அந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, தன் தாத்தா பார்வையில் சுழிகளைப் படிப்பது ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும்.

பெங்களூர் சாலையில் ஓசூருக்கு அருகே மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. பழைய காலக் கதை எழுதுகிறவர்கள் தாண்டிப் போகக் கூடாத இடம்.

பெங்களூர் மைதானம் மெஜஸ்டிக்கிலிருந்து கிட்டத்தில்தான். பந்தய நாளா என்று கிளப் அட்டவணையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் முறை பணம் கட்டாதீர்கள், கட்டினால் கண் ஒரே குதிரையில் ஒட்டிக்கொள்ளும். முதல் பந்தயத்தைப் பேடக்கில் (ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) நின்று பாருங்கள், இரண்டாவதை ஓட்டம் தொடங்கும் ஸ்டார்ட்டிங் கேட் தெரியும் இடத்திலிருந்து, மூன்றாவதைக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல் கூட்டத்தையே பார்த்தபடி. காலைப் பயிற்சியையும் லாயத்தையும் பார்க்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். கிடைத்தால் ஃபிளாஷ் போடாதீர்கள், குதிரையின் பின்னால் நிற்காதீர்கள், எப்போதும் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் பார்வை கிடையாது.

ஏற்காட்டில் கதை வைத்தால்

ஓய்வு பெற்ற பந்தயக் குதிரையைச் சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டத்துக்குக் கொண்டுவருவது நல்ல கரு. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். லாரியில் குதிரை ஒவ்வொரு வளைவிலும் நான்கு காலையும் அகட்டித் தாங்கி நிற்கும். மலையேறி முடிக்கும்போது ஒரு பந்தயம் ஓடியது போலத் தசை நடுங்கும். கால்களில் பேண்டேஜ் சுற்றியிருக்க வேண்டும், டிரைவர் பிரேக்கை மெல்லத் தொட வேண்டும். மேலே போனதும் பச்சைப் புல்லைக் கண்டு அவிழ்த்துவிட்டால் அதே வாரத்தில் வயிற்றுவலியோ குளம்பு வீக்கமோ வரும். ஓட்ஸையும் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அன்பினால் செய்த தவறு குதிரையைப் படுக்கவைப்பதை விட வலுவான திருப்பம் இந்தக் கதைக்குக் கிடைக்காது.

எழுதி முடித்ததும் பந்தயப் பகுதியை ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். 1200 மீட்டர் ஓட்டத்துக்கு உங்கள் பத்தி நான்கு நிமிடம் எடுத்தால் எங்கே நீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வளைவுக்கு முன்பு இருக்கும் ஜாக்கியின் பழைய நினைவுகள்தான். அவற்றை எடுத்து, விடியற்காலை லாயத்தில் வையுங்கள்.